பின்தங்குவார் இலக்கணம்

ஓவியங்களை ஆராய்ந்தவர் பலர். ஓவியர்களின் காதலிகளை ஆராய்ந்தவர் அதனினும் பலர். ஓவியத்தின் முன்னால் கால் மாற்றி நின்றுகொண்டு, வழிகாட்டி எப்போது அடுத்த அறைக்கு நகர்வார் என்று பார்த்திருக்கும் எட்டுப் பேரைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அக்குறை நீங்க இந்த ஆராய்ச்சி எழுந்தது. யாரும் கேட்காமல் எழுந்தது என்பது குற்றமாகாது. நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுகின்றன.

ஆய்வுக்களம் சிகாகோ நகரம். மிச்சிகன் அவென்யூவில் உள்ள ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்னும் கலைக்கூடத்தையும் அதற்கு வடக்கே விரியும் மில்லினியம் பூங்காவையும் ஒரே மூச்சில் காட்டித்தரும் சிறுகுழுச் சுற்றுலாவே ஆய்வுப்பொருள். நம் முன்னோர் எதையும் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் காட்டுக்கும் வயலுக்கும் செய்ததை நாம் ஓர் அருங்காட்சியகத்துக்குச் செய்வதில் தவறில்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலத்தைப் பொறுத்தவரை, இந்த ஏரிக்கரையில் எதையும் கட்டக்கூடாது, என்றைக்கும் திறந்த வெளியாகவே கிடக்க வேண்டும் என்று பழைய வரைபடம் ஒன்றில் எழுதி வைத்துவிட்டார்கள். அஞ்சல்வழி வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்த மான்ட்கோமரி வார்ட் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 1890-இல் வழக்குப் போட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டு விடவில்லை. வந்த கட்டடங்களை எல்லாம் தடுத்தவர் கலைக்கூடத்தை மட்டும் விட்டுவைத்தார். பூங்காவுக்குள் தனித்து நிற்கும் உரிமை அதற்கு இப்படி வந்தது. பக்கத்துப் பூங்காவின் கதை வேறு. ரயில் தடங்களுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே கூரைபோட்டு, அந்தக் கூரையில் மண் கொட்டி வளர்த்த தோட்டம் அது. புத்தாயிரம் பிறக்கும்போது திறப்பதாகத் திட்டமிட்டு, மில்லினியம் என்று பெயரும் வைத்து, 2004 ஜூலையில் திறந்தார்கள். நம் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அமையாது. பூங்காவே பின்தங்கி வந்து சேர்ந்தது.

பொழுது, தமிழ் மரபில் ஒரு நாளைக்கு ஆறு. சுற்றுலாக் குழுவுக்கு இரண்டே: கழிவறைக்கு முன், கழிவறைக்குப் பின்.

குழு எத்தனை பேர் இருந்தால் சிறுகுழு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வழிகாட்டியின் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் எட்டும் அளவே சிறுகுழு என்பது ஒரு சாரார் கொள்கை. அது பொருந்தாது. குரல் வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும். ஒரே லிஃப்டில், யாரையும் ‘நீங்க அடுத்ததில வாங்க’ என்று சொல்லாமல் ஏற்றக்கூடியது சிறுகுழு என்பதே நம் துணிபு. அந்த வாக்கியம் சொல்லப்பட்ட நொடியில் குழு இரண்டாகிறது. இரண்டானது மீண்டும் ஒன்றாகக் கால்மணி நேரம் பிடிக்கிறது.

கூடுமிடம் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கலைக்கூடத்தின் வாயிற்படிக்கு இருபுறமும் வெண்கலச் சிங்கங்கள் இரண்டு. எட்வர்ட் கெமீஸ் வடித்தவை. 1894 முதல் அங்கேயே நிற்கின்றன. தெற்கே நிற்பது எதிர்த்து நிற்கும் சிங்கம், வடக்கே நிற்பது இரை தேடும் சிங்கம் என்று சிற்பியே பிரித்துச் சொல்லியிருக்கிறார். சுற்றுலா நடத்துபவர் இந்த நுட்பமெல்லாம் பாராமல் ‘இடப்பக்கச் சிங்கத்தடியில் பத்து மணிக்கு’ என்று செய்தி அனுப்புகிறார். சாலையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் வடக்கு. படியில் ஏறித் திரும்பி நின்றால் இடப்பக்கம் தெற்கு. ஆகவே ஐவர் ஒரு சிங்கத்தடியிலும் மூவர் மற்றொன்றின் அடியிலும் நின்று, ஒருவரையொருவர் வேறு குழு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடையாளம் சொல்லியும் பயனில்லை. ஊர் அணி இறுதிப் போட்டிக்குப் போகும்போது சிங்கத்துக்கு விளையாட்டுக் கவசம் மாட்டுவார்கள், குளிர்காலத்தில் கழுத்தில் மலர்வளையம் போடுவார்கள். எல்லாம் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

கருப்பொருளை விரைந்து கடக்கலாம். கொடியாகப் பயன்படும் மடக்குக் குடை, சட்டையில் ஒட்டும் வில்லை, உள்ளே விடாததால் பொருள்வைப்பறையில் விட்ட பெரிய பை, அதற்குள்ளேயே தங்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. இவற்றுள் உயர்ந்தது பெஞ்சு. அறையின் நடுவே பெஞ்சு இருந்தால் அந்த அறையின் ஓவியங்கள் நினைவில் நிற்கின்றன.

இனி உரிப்பொருள். நூலின் உயிர் இங்கே இருக்கிறது. குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல் போலச் சிறுகுழுவுக்கு உரிய ஒழுக்கம் எது? பார்த்தல் என்று சொல்பவர் ஒரு குழுவையும் பின்தொடர்ந்தறியாதவர். நடத்தல் என்றால் அது நிமித்தம் மட்டுமே. சிறுகுழுவின் உரிப்பொருள் காத்திருத்தல். ஒருவர் பின்தங்குவார், ஏனையோர் நிற்பர். நிற்கும்போது, வேறு வழியின்றி, எதிரே இருப்பதைப் பார்ப்பர். வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டியவை ஊர் போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும். பின்தங்கியவருக்காக நின்ற இடத்தில் எதிரே என்ன மாட்டியிருந்ததோ அது நிலைக்கும்.

இதற்கு முதற்சான்று, கலைக்கூடத்தின் பெருஞ்செல்வமான ஜார்ஜ் சூராவின் ஓவியம். பாரிஸுக்கு அருகே கிராண்ட் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல். 1884-இல், தம் இருபத்து நான்காம் வயதில் தொடங்கி, இரண்டு ஆண்டு புள்ளி புள்ளியாக வைத்து முடித்தார். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அருங்காட்சியகத்துக்குள் நின்று ஒரு பூங்காவைப் பார்க்கிறோம். அந்தப் பூங்காவில் ஏறத்தாழ ஐம்பது பேர், நாய்கள், கயிறு கட்டிய குரங்கு ஒன்று. பெரும்பாலோர் தண்ணீர்ப் பக்கம் முகம் திருப்பி அசையாமல் இருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதாகத் தெரியவில்லை. கலை அறிஞர்கள் இதில் நகரவாழ்வின் தனிமையைக் கண்டார்கள். நமக்குத் தெரிவது வேறு: படகில் போன யாரோ ஒருவர் இன்னும் திரும்பவில்லை. நடுவில் வெள்ளை உடுத்திய சிறுமி மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறாள். வழிகாட்டி இந்தப் பக்கமா என்று தேடுகிற பார்வை அது.

புள்ளி ஓவியம் குழுவுக்குத் தரும் தொல்லை தனி. கிட்டே போனால் புள்ளிதான் தெரியும்; தள்ளி வந்தால்தான் ஆள் தெரியும். முன்வரிசை பின்னால் நகரும் அதே வேளையில் பின்வரிசை முன்னால் வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் மன்னிப்புக் கோரல் நிகழ்கிறது. சிகாகோ தம்பதியர் பார்ட்லெட் இதை 1924-இல் இருபதாயிரம் டாலருக்கு வாங்கினார்கள். 1926-இல் அது கலைக்கூடத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஒருமுறை, 1958-இல், நியூயார்க்குக்கு இரவலாகப் போனது. போன இடத்து அருங்காட்சியகத்தில் தீப்பிடித்தது. ஓவியம் தப்பி வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பின் அதை எந்த ஊருக்கும் அனுப்புவதில்லை. குழுவாகப் போவதில் உள்ள ஆபத்தை இவ்வளவு தெளிவாக உணர்ந்த ஓவியம் வேறில்லை.

கிராண்ட் வுட்டின் ‘அமெரிக்கன் கோதிக்’ முன்னால் கணவன் மனைவியர் அதேபோல விறைத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வரைந்தவர் எண்ணியது தகப்பனும் மகளும். மாதிரிக்கு நின்றவர்கள் ஓவியரின் தங்கையும் அவருடைய பல் மருத்துவரும். இருவரும் தனித்தனியே வந்து நின்றார்கள். உலகம் அதிகம் அறிந்த இருவர் குழு ஒன்றுகூடவே இல்லை.

பின்தங்குதலுக்கு இந்தக் கட்டடத்தில் வரலாற்று மதிப்பும் உண்டு. 1893-இல் உலகக் கண்காட்சியை ஒட்டி இது எழுந்தபோது, ஓவியங்கள் குடிவருவதற்கு முன்பே சமயப் பேரவை இங்கே கூடியது. சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலான இளைஞர்கள் வீடுவீடாகத் திரட்டிய பணத்தில் விவேகானந்தர் கப்பலேறினார். ஜூலைக் கடைசியில் வந்து சேர்ந்தால், பேரவை செப்டம்பரில் என்றார்கள். சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். பதிவு முடிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அனுப்பிவைத்த ஏற்பாட்டாளர் யாருக்கும் இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரைட் கடிதம் கொடுத்து வழி திறந்தார். செப்டம்பர் 11 காலையில் பேச அழைத்தபோது, பிறகு, பிறகு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். பிற்பகலில் எழுந்து பேசினார். முன்னால் பேசியவர்கள் யார் யார் என்று இன்று வருகிற குழுவில் ஒருவருக்கும் தெரியாது. 2010-இல் மும்பைக் கலைஞர் ஜிதிஷ் கல்லட் அந்த உரையைப் பெரும் படிக்கட்டின் 118 படிகளின் முகப்பிலும் விளக்கெழுத்தாக ஒளிரவிட்டார். படித்துக்கொண்டே படியேறியவர்கள் பின்தங்கியிருப்பது உறுதி. பின்தங்குவோருக்கென்றே அமைத்த நினைவுச்சின்னமாக நாம் அதைக் கொள்கிறோம்.

அடுத்தது நேரில் கண்ட சான்று. கலைக்கூடத்தின் மேற்குக் கட்டடத்துக்கும் கிழக்குக் கட்டடத்துக்கும் இடையே இன்றும் ரயில் ஓடுகிறது. தடத்தின் மேல் பாலம்போல அமைந்த கன்சாலஸ் கூடத்தைக் கடந்துதான் பெரும்பாலோர் போகிறார்கள். தெற்காசியச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. சூராவிலிருந்து வுட்டுக்கு விரையும் வழிகாட்டிக்கு அது வெறும் நடைவழி. நாம் பின்தொடர்ந்த குழுவில் தமிழ்ப் பெற்றோர் இருவர். மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்தவர்கள். குழு கடைசி வாசலை அடைந்தபோது எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பெரியவரைக் காணோம்.

“அப்பா எங்கம்மா?”

“பின்னாடி ஏதோ படிச்சிட்டிருக்காரு. வரட்டும்டா, என்ன இப்ப?”

பெரியவர் நின்ற இடத்தில் கருங்கல் புத்தர் ஒருவர் தியானத்தில் அமர்ந்திருந்தார். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு; 12-ஆம் நூற்றாண்டு; குறிப்புப் பலகையில் நாகப்பட்டினம் என்று போட்டிருந்தது. ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த ஊர். அங்கே மண்ணிலிருந்து எடுத்த புத்தர் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல இருக்கின்றன. பெரியவர் திருவாரூர்க்காரர். “ஒரு மணி நேரத்துல போற ஊருய்யா. அங்க இருந்த வரைக்கும் இவரப் பாத்ததில்ல” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அவரை அழைக்க மகன் வந்தார். மகனை அழைக்க அம்மா வந்தார். இவர்களுக்காக ஒஹையோவிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களும் மற்றவர்களும் வாசலிலிருந்து மெல்லத் திரும்பி வந்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் புத்தரைப் பார்த்தார்கள். மடியில் கைமேல் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்தார்கள். ஒருவர் சுற்றிப்போய் முதுகுப் புறத்தையும் பார்த்தார். கீழே ரயில் போனது. சூராவின் முன்னால் இந்தக் குழு இவ்வளவு நேரம் நிற்கவில்லை என்பதைக் கடிகாரம் பார்த்தே எழுதுகிறோம்.

‘அப்படியானால் வழிகாட்டி எதற்கு? தனியாகவே போய் நிற்கலாமே’ என்பாரும் உளர். அற்றன்று. தனியாகப் போனவர் யாருக்குப் பின்தங்குவார்? ஒருவர் குடையை உயர்த்திக்கொண்டு முன்னால் விரைந்தாலல்லவா மற்றொருவர் நிற்பது நிற்பதாகும்? வழிகாட்டி இன்றியமையாதவர். அவர் சொல்வதைக் கேட்பதுதான் கட்டாயமில்லை.

கிழக்கே ரென்சோ பியானோ கட்டிய நவீனப் பகுதியின் மூன்றாம் தளத்திலிருந்து ஒரு நீண்ட பாலம் சாலையைத் தாண்டிப் பூங்காவில் இறங்குகிறது. இரண்டும் 2009-இல் திறந்தவை. பாலத்தில் யாரும் பின்தங்குவதில்லை. சிகாகோக் காற்று பார்த்துக்கொள்கிறது. சிக்கல் இறங்கிய பிறகு. மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ அங்கே இருக்கிறது. எஃகுத் தகடுகள் 168, எடை 110 டன், இணைப்பு தெரியாமல் வழித்து மெருகேற்றிய கண்ணாடிப் பரப்பு. ஊரார் அதைப் பீன் என்கிறார்கள். அவரை விதை. அதன் வயிற்றுக்கடியில் போய் நிமிர்ந்தால் ஒவ்வொருவரும் நாலைந்தாகத் தெரிகிறார்கள். எந்த வழிகாட்டியும் அங்கே தலை எண்ணக்கூடாது.

நம் வழிகாட்டி எண்ணினார். தலை எண்ணுதலில் தமிழின் மூலநூல் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணி, ஓராளைக் காணோமென்று அழுதார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் காட்டிய பிறகே கணக்குச் சரியானது. இல்லினாய் மாநிலத்தில் அந்த முறைக்கு இடமில்லை. வழிகாட்டி முதலில் பதினேழு என்றார், பிறகு பன்னிரண்டு என்றார், பிறகு எல்லோரையும் வெயிலுக்கு வரச்சொல்லி ஏழு என்றார். மீண்டும் பெரியவர்.

விதையைச் சுற்றித் தேடினார்கள். பாலத்தடி வரை மகன் ஓடினார். அம்மா மட்டும் பதறவில்லை. சுற்றுலா முடியும் இடம் என்று காலையிலேயே சொல்லியிருந்த கிரவுன் நீரூற்றுக்குக் குழு ஒருவழியாக நடந்தது. ஐம்பதடி உயரக் கோபுரங்கள் இரண்டு எதிரெதிரே நிற்கும் இடம் அது. ஊர்க்காரர்களின் முகங்கள் அவற்றில் மாறி மாறித் தோன்றி, வாயைக் குவித்துத் தண்ணீர் துப்புகின்றன. நடுவே பாதம் மட்டும் நனையும் அளவுக்குத் தண்ணீர். பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வேட்டிக்குப் பதில் கால்சட்டையை மடித்துவிட்டு, அதில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் சிறுபிள்ளைகள்.

பின்தங்குவார் முந்திக்கொண்டால் குழு முழுவதும் பின்தங்கியதாகுமா என்ற வினாவுக்கு நம் நூலில் விதி இல்லை. பெரியவருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

“என்னடா, இவ்வளவு நேரமா?” என்றார்.