மைலேஜ் இல்லாத குருவி

வாடா பேராண்டி. ராசிபுரத்துத் தோட்டத்துல வாழைப்பூவுக்கு வந்த குருவியப் படம் புடிச்சு, 'எங்க ஊருல ஹம்மிங்பேர்டு'ன்னு செல்லுல போட்டு ஊரெல்லாம் லைக்கு வாங்கிட்டியாமே, பலே! அந்தக் குருவி அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டுந்தான் பொழைக்குது. உனக்காகப் பாஸ்போர்ட்டு எடுத்துட்டு வந்துச்சாக்கும்!

நீ புடிச்சது நம்ம தேன்சிட்டு, கண்ணு. நல்லாப் பாரு, காம்புல காலை ஊணிக்கிட்டுத்தான் குடிக்குது. எப்பவாச்சும் செத்த நேரம் ரெக்கை அடிச்சு அந்தரத்துல நிக்கும். ஒடனே ஒரு கொம்பத் தேடி ஒக்காந்துக்கும். வெவரமானது. நெசமாவே அந்தரத்துல நின்னு குடிக்கிற ஆளப் பாக்கோணுமின்னா, பொழுது சாஞ்சதும் ஊமத்தம்பூப் பக்கம் போ. ஒரு தடிச்ச அந்துப்பூச்சி வரும். ஆனா பூச்சிக்கு எவன் லைக்கு போடுவான்?

அந்தச் சீமைக் குருவியக் கொறைச்சுச் சொல்லல. நொடிக்கு அம்பது தடவைக்குப் பக்கமா ரெக்கை அடிக்குது. மத்த குருவிகளுக்கு ரெக்கைய மேல தூக்கறது வீண் வேலை. இது தோள்பட்டையிலயே ரெக்கையத் திருப்பி, படுக்கப்போட்ட எட்டாட்டம் முன்னயும் பின்னயும் வீசுது. திரும்பற வீச்சுலயும் உடம்புப் பாரத்துல கால்வாசியத் தாங்கிக்குதுன்னு 2005ல அளந்து சொல்லிட்டாங்க. அதான் நின்ன எடத்துல நிக்குது, பின்னாலயும் பறக்குது. உன் பைக்குல ரிவர்ஸு உண்டா?

வேகந்தான வேணும் உனக்கு? கேட்டுக்க. கலிபோர்னியாவுல அன்னா ஹம்மிங்பேர்டுன்னு ஒண்ணு. பொட்டைக்கு வித்தை காட்ட சேவக்குருவி மேலருந்து பாயறதக் கிறிஸ்டோபர் கிளார்க்குன்னு ஒருத்தர் படம் புடிச்சு 2009ல எழுதுனாரு. நொடிக்கு 27 மீட்டர். மணிக்குக் கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர். சேலம் ரோட்டுல காலேஜ் பஸ்ஸக் கண்டதும் நீ முறுக்கற அதே வேகம், காரணமும் அதேதான். ஒரு நொடியில தன் நீளத்தப்போல 385 மடங்கு அது தாண்டிருது. உன் பைக்கு அதே வேகத்துல பதிமூணு மடங்கு தாண்டறதே பெரும்பாடு.

சரி, அதோட மைலேஜக் கேட்டியா? நெஞ்சு நிமிசத்துக்கு ஆயிரந் தடவைக்கு மேல துடிக்கும். பகல் முச்சூடும் பூப்பூவா ஓடித் தேன் குடிச்சாத்தான் கட்டுபடியாவும். குளுரு ராத்திரியில உடம்புச் சூட்டையும் துடிப்பையும் எறக்கிப்புட்டு, செத்தாப்புல கெடக்கும். இல்லீன்னா விடியறதுக்குள்ள கையிருப்பு காலி. முறுக்கறது சுலபம், டீசல் போடறவன் யாருன்னு நாமக்கல் லாரிக்காரனக் கேளு. அந்தக் குருவி தன் செலவத் தானே சம்பாரிக்குது. உன் வண்டிக்கு உங்கப்பன் முட்டை வித்துப் பெட்ரோல் போடறான்.

ரெண்டே காரியம் பண்ணு, கண்ணு. படத்துல தேன்சிட்டுன்னு பேர மாத்து. இனிமேப்பட்டுப் பெட்ரோல உன் காசுல போடு. அப்புறம் எத்தனை வேணுமின்னாலும் முறுக்கிக்க, தாத்தன் ஒண்ணும் கேக்கமாட்டன். நீதான் முறுக்கமாட்ட!