மவுஸிலிருந்து சாக்பீஸுக்கு

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் படித்தவன். 10 ஆண்டு ஐ.டி. வேலை அலுத்துவிட்டது. பள்ளி ஆசிரியர் ஆகலாமா?
- வாசகர், சேலம்

பதில்: தாராளமாக! 2 ஆண்டு பி.எட்., பிறகு 150 கேள்விகளோடு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். வேலைதான் உடனே வராது. அரசுப் பள்ளி என்றால் தனியாக ஒரு போட்டித் தேர்வும் உண்டு.

ஆன்லைன் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு வடை தின்னலாம். வகுப்பில் 40 ஜோடிக் கண்களை அணைக்க முடியாது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், "சார், இவன் கிள்றான் சார்!"

முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுங்கள். ஐந்தாம் முறை விளக்கும்போதும் சிரிப்பு மிச்சமிருந்தால், பி.எட்.டுக்கு விண்ணப்பம் போடுங்கள்.