அஞ்சு ஓவனிலிருந்து ஒரு கடிதம்

ஐந்தோவன், நெதர்லாந்து.
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் "கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?" என்று கேட்டாய். "ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை முருங்கைக்காய் விலைக்கு மாற்றினேன். நீ கவனித்திருப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். வீடியோவில் சொன்னால் உன் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தக் காகிதம். இது திருவெறும்பூர் வந்து சேர்வதற்குள் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

முதலில் நல்ல செய்தி. பெட்டி ஓடுகிறது, எட்டு நாளாக ஒருமுறைகூட அணையவில்லை. உன் மருமகள் நலம். உன் பேரன் குட்டியும் நலம், அவன் மேல் போட்டிருந்த பழியும் நீங்கிவிட்டது.

நான் கிளம்பிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஊரே லேப்டாப்போடு விமானம் ஏறும் காலத்தில், "முதல் சம்பளத்துல வாங்கின ராசியான பெட்டிடா, விட்டுட்டுப் போகாதே" என்று சொல்லி, வடகத்தையும் பருப்புப்பொடியையும் வெளியே எடுத்துவிட்டு, ஒன்பது கிலோ கேபினெட்டைப் போர்வை சுற்றிச் சூட்கேஸில் வைத்தவள் நீ. "அங்கேயும் 230 வோல்ட்டு, 50 சைக்கிள்தான். ஒயரை மாத்தினாப் போதும்" என்று அப்பா ஒத்து ஊதினார். அப்பா சொன்னது அப்படியே சரி. நம் ஊர் மூன்று கால் பிளக் இந்த ஊர்ச் சுவரில் நுழையாது. ஒயரை மட்டும் மாற்றினேன். இரண்டு வருஷம் ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது.

போன நவம்பரில் இந்த வீட்டுக்கு மாறினோம். இங்கே வீடு கட்டுகிறவர்கள் முதலில் ஓர் ஏணியை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவார்கள் போலிருக்கிறது. கீழே சமையல், நடுவே படுக்கை, உச்சியில் கூரைச் சரிவுக்குக் கீழே ஒரு பரண் அறை. அங்கே ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மறுபக்கம் என் மேஜை. மாறிய மூன்றாம் நாள், வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. எச்சரிக்கை இல்லை, நீலத் திரை இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. நம் தெருவில் கரண்ட் போனால் தெருவே "ஓ" என்று கத்தும். அதில் ஓர் ஆறுதல் உண்டு. இங்கே தலைக்கு மேலே விளக்கு எரிகிறது, பக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடுகிறது, என் பெட்டி மட்டும் கட்டையாகக் கிடக்கிறது. நான் யாரோடு சேர்ந்து கத்துவது?

சில நாள் இரண்டு முறை அணையும். சில வாரம் நான்கு நாள் சமர்த்தாக இருக்கும். உன்னிடம் சொன்னபோது, "கண்ணு பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் வை" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று பிறகு தெரியும்.

திருச்சி சர்வீஸ் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ங்க. கேக்கலைன்னா எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடுங்க" என்றார். ஆவி பிடி, கேட்கவில்லை என்றால் ஊசி போட்டுக்கொள் என்பது மாதிரி. ஆனால் அது விளையாட்டு வைத்தியம் இல்லை. ராமின் தங்கநிறப் பற்களில் அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். பென்சில் ரப்பர் அதை நன்றாகவே எடுக்கும். குட்டியின் பையிலிருந்த ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். ராம் பளபளத்தது. பெட்டி அன்று மாலையே அணைந்தது.

அடுத்து சூடு. பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்டையே வெட்டிவிடும். கழட்டிப் பார்த்தேன். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே கம்பளி மாதிரித் தூசி. நம் ஊர்ச் செம்மண்ணும் இந்த ஊர் ஸ்வெட்டர் நூலும் கலந்து ஒரு புது ரகம். பிரஷ்ஷால் எடுத்தேன்; காய்ந்து சுண்ணாம்பாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தேன். சூடு 81-இலிருந்து 62-க்கு இறங்கியது. பெட்டி 62 டிகிரியிலும் அணைந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் காற்றே அனலாய் வீசும் நம் கூடத்தில் அணையாதது, வெளியே நான்கு டிகிரி இருக்கும் ஊரில் சூட்டால் அணைகிறது என்று நான் நம்பினேனே, அதைச் சொல்ல வேண்டும். நீ இந்த ஊரை "அஞ்சு ஓவன்" என்று சொல்வாய். அஞ்சு ஓவனை மூட்டினாலும் இந்தப் பரண் அறை சூடாகாது.

பிறகு எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்ட் தரும் டப்பா. புதிது வாங்கிப் போட்டேன். அணைந்தது. பழையது இப்போது பெஞ்சில் உட்கார்ந்த ஆட்டக்காரன் மாதிரி அலமாரியில் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ராம் பரிசோதனை ஓடவிட்டேன். ஏழு மணி நேரம், ஒரு பிழை இல்லை, ஒருமுறைகூட அணையவும் இல்லை! அப்படியென்றால் இரும்பில் கோளாறில்லை, விண்டோஸில்தான் என்று முடிவுகட்டி, ஒரு சனிக்கிழமையைத் தொலைத்து விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அணைந்தது.

கண்டுபிடித்தது உன் மருமகள். "நான் துணி போடுற நேரத்துலதான் அணையுது. ராத்திரி நான் துணி போடலை, அதான் அணையலை" என்றாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலை" என்றாள். இந்த ஊர்க்காரர்களோடு பழகி இப்படி ஆகிவிட்டாள்.

வாஷிங் மெஷின் என்றதும் எனக்குள் அப்பா விழித்துக்கொண்டார். வோல்டேஜ்! மெஷின் கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, பெட்டி அணைகிறது. கீழே சமையலறையிலிருந்து இரண்டு மாடிக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தேன். ஏணிப்படியில் அந்த ஒயரைத் தாண்டித் தாண்டி ஏறும்போது நாங்கள் மூவரும் சர்க்கஸ்காரர்கள் போல இருந்தோம். மல்ட்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் முள் மாதிரி நிற்கிறது 229. மெஷின் சுற்றும்போது 228. ஒரு வோல்ட்டுக்கு யார் சாவார்கள்? சாக்கெட்டில் 228 இருக்கும்போதே பெட்டி அணைந்தது.

இந்த ஊரில் 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்று உண்டு. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கியது. இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்தால், கைவேலை தெரிந்தவர்கள் காசு வாங்காமல் பார்த்துத் தருவார்கள். உண்டியலில் மனமிருந்தால் போடலாம். ஒரே நிபந்தனை: சாமானைக் கொடுத்துவிட்டு நழுவ முடியாது. வைத்தியம் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் மாதிரி.

பெட்டியை எப்படிக் கொண்டுபோவது? பக்கத்து வீட்டம்மாவிடம் முன்னால் மரத்தொட்டி வைத்த சைக்கிள் இருக்கிறது. பிள்ளைகளை உட்காரவைத்து மிதிப்பது. கேட்டேன். டைரியைப் புரட்டி, "சனிக்கிழமை ஒன்றரையிலிருந்து நாலே கால் வரை" என்று எழுதிக்கொண்டு கொடுத்தார். நல்ல மழை. கேபினெட்டுக்குக் குட்டியின் மழைக்கோட்டைப் போட்டு, சீட் பெல்ட் மாட்டி, தொப்பியையும் இழுத்துவிட்டேன். சிக்னலில் ஒரு பாட்டி குனிந்து உள்ளே பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எனக்கு வாய்த்தவர் எழுபத்தைந்து வயதுத் தாத்தா. பிலிப்ஸில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். நம் தாத்தா காலையில் செய்தி கேட்கும் அந்த பிலிப்ஸ் ரேடியோ இருக்கிறதே, அந்தக் கம்பெனி 1891-இல் பிறந்தது இந்த ஊரில்தான். முதலில் பல்புதான் செய்தார்கள். இந்தத் தாத்தாவுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு தையல் மெஷின், அதற்கடுத்து வாயைப் பிளந்த மூன்று காபி மெஷின்கள். எனக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். டப்பா மூடப்பட்டது.

நான் படித்தவன் தோரணையில், செய்த வைத்தியங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "அது என்ன சொல்கிறது?"

விண்டோஸ் ஒரு டைரி எழுதும், அம்மா. அதில் இந்த மாதிரி மரணங்களுக்கெல்லாம் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகும். 41 என்றால் நீ ஐயப்பன் விரதம் என்பாய். இங்கே அதற்கு அர்த்தம், முறையாக நிறுத்தாமலே மெஷின் நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது என்பது. அவர் எப்படிப் போனார் என்று கேட்டால் "மூச்சு நின்றதால்" என்று சொல்கிற டாக்டர் மாதிரி. அதனால் முதல் வரியைப் பார்த்ததும் நான் மூடிவிடுவேன். தாத்தா மூடவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விரலை வைத்து, ரேஷன் கார்டில் பேர் தேடுவது போல் வரிவரியாக இறங்கினார். கீழே 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வரி. சாதாரணமாக அங்கே பூஜ்யம் இருக்கும். எனக்கு நீளமான ஓர் எண் இருந்தது. "யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்" என்றார்.

நான் குட்டியை நினைத்தேன். நாலு வயது, பொத்தான் என்றால் உயிர். போன மாதம் அவனைக் கூப்பிட்டு விசாரித்து, "நான் இல்லப்பா" என்று அவன் அழுததும் கண்முன் வந்தது. ஆனால் தேதியைப் பார்த்தால் பாதி நேரம் அவன் பள்ளிக்கூடத்தில். ஆளில்லாத பரண் அறையில் பொத்தானை அழுத்தியது யார்? உன் எலுமிச்சம்பழம் அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

தாத்தா பேயைப் பற்றி யோசிக்கவில்லை. பவர் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இரண்டே இரண்டு மெல்லிய ஒயரைப் பிடுங்கினார். ஒயர் இருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டார். பெட்டி கிளம்பியது. இப்போது பொத்தான் என்ற உறுப்பே அதற்கு இல்லை. மேஜையைக் குத்தினார், ஆட்டினார். ஒரு மணி நேரம் ஓடியது, அணையவில்லை.

பிறகு முன்பக்கப் பலகையைக் கழட்டினார். அம்மா, இங்கேதான் நீ வருகிறாய்.

பொத்தானின் விளிம்பைச் சுற்றி, உள்ளே ஸ்பிரிங் வரைக்கும், மஞ்சளும் சிவப்புமாக ஒரு கெட்டிப் பாறை. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய், "சந்தனம்?" என்றார். ஆறு ஆயுத பூஜை. ஆறு வருஷம் நீ அந்தப் பொத்தான் மேல் குறி தவறாமல் வைத்த சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு வருஷமும் மேலே துடைத்தோம். இடுக்கில் இறங்கியது அடுக்கடுக்காகக் காய்ந்தது. பொத்தானை அமுக்கினால் முழுக்க மேலே வராமல் பாதியில் நிற்கும். பக்கத்தில் மெஷின் துணியைப் பிழிகிற அதிர்வில் அது மெல்ல உள்ளே இறங்கி ஒட்டிக்கொள்ளும். நான்கு விநாடிக்கு மேல் பொத்தான் அமுங்கியிருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் மறுபேச்சில்லாமல் அணைந்துவிடும். பழைய வீட்டில் வாஷிங் மெஷின் வேறு அறையில் இருந்ததால்தான் இரண்டு வருஷம் தப்பித்தோம்.

உன் மருமகள் ஒன்றை எழுதச் சொல்கிறாள்: இங்கே வந்தபின் அவள் ஸ்டிக்கர் பொட்டுதான் ஒட்டுகிறாளாம். அப்பாவிடமும் ஒன்று கேள். பெல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத்துக்குப் பொட்டு வைத்தாரே, ஒருநாளாவது சுவிட்சில் வைத்தாரா?

தாத்தாவுக்கு ஆயுத பூஜையை விளக்கினேன். கருவிக்கு ஒருநாள் ஓய்வு, அன்று அதைத் தொடக்கூடாது என்றதும் தன் இடுக்கிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் படிவத்தை எடுத்தார். இங்கே எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. 'கோளாறின் காரணம்' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். கோபித்துக்கொள்ளாதே, டச்சில் அம்மாவுக்கு 'மூடர்' என்று பெயர். நான் வைத்ததல்ல. மதர்போர்டு 'மூடர்போர்ட்'. அதைப் பதிவேட்டில் ஏற்றிய அம்மாள், "மூடர்போர்ட் என்று முழுசாக எழுதுங்களேன்" என்றார். தாத்தா நிமிராமல், "நே. மூடர்" என்றார். ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

கடைசியாக உன்னிடம் ஒரு சந்தேகம். சுரண்டி எடுத்ததை அவர் ஒரு காகிதத்தில் மடித்து, "உங்களுடையது" என்று கையில் கொடுத்துவிட்டார். இரண்டு சிட்டிகை இருக்கும். உன் மருமகள் அதை சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். பூஜைச் சந்தனம், குப்பையில் போட மனம் வரவில்லை. போடலாம் என்றாலும் இங்கே காய்கறிக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. இது எதில் சேர்த்தி? கால்வாயில் கரைத்தால் எவனாவது வந்து அபராதம் எழுதுவான். என்ன செய்யட்டும் என்று பதில் போடு. போனில் வேண்டாம்.

அப்பாவுக்கு என் நமஸ்காரம். குட்டி உனக்கு ஒரு முத்தம் தருகிறான்.

உன் அன்பு மகன்