கிடந்த கோலத்தில் பாலாறு

காஞ்சிபுரத்தின் முதல் தடுப்பணைக்குப் பொதுப்பணித் துறை பொறுப்பல்ல. பெருமாளே குறுக்கே படுத்துக்கொண்டார். தன்னை விட்டுவிட்டு பிரம்மன் யாகம் செய்கிறான் என்று கோபம் கொண்ட சரஸ்வதி வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து வர, யாகசாலை அடித்துப் போகாமலிருக்கத் திருவெஃகாவில் சயனித்தார் சொன்னவண்ணம் செய்த பெருமாள். டெண்டர் இல்லை, கமிஷன் இல்லை, திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர் இல்லை. அதனாலோ என்னவோ அந்த அணை மட்டும் இன்னும் உடையவில்லை.

இன்று சரஸ்வதி வந்தால் பெருமாளுக்குச் சிரமமே இருக்காது. ஆற்றுக்குள் எழுந்து நிற்கும் வீடுகளும் குப்பையும் சாக்கடையும் அவளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடும். கரையில் குடியேறிய ஏழைக்கு மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் கொடுப்பார்கள், ஓட்டும் வாங்குவார்கள். பிறகு ஒருநாள் விழித்துக்கொண்டு, "ஆக்கிரமிப்பு" என்று நோட்டீசும் ஒட்டுவார்கள்.

வேகவதி சின்ன ஆறு; விடுங்கள். தாய் ஆறான பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. மேலே இருப்பவர்கள் செய்தது அநியாயம்தான். 1892ஆம் ஆண்டு சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. கீழே இருப்பவனைக் கேட்காமல் மேலே புதிதாக அணை எழுப்பக் கூடாது. ஆந்திரம் தடுப்பணைகளை அடுக்கிக்கொண்டே போனது, 2016இல் புல்லூர் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியது. நாமும் கடிதம் எழுதினோம், உச்ச நீதிமன்றம் போனோம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 33 கிலோமீட்டரைக் காட்டிக் காட்டியே நம் 222 கிலோமீட்டரைத் தின்று தீர்த்தோமே, அதற்கு எந்த ஆந்திராக்காரன் மீது வழக்குப் போடுவது?

பாலாற்றில் தண்ணீர் பெரும்பாலும் மேலே தெரிந்ததில்லை. மணலுக்குள் ஒளிந்துதான் ஓடும். கையால் தோண்டினால் ஊற்று வரும். அந்த மணல்தான் ஆற்றின் அணை, ஆற்றின் தொட்டி, ஆற்றின் வடிகட்டி. அதை லாரி லாரியாக அள்ளி சென்னைக்கு அடுக்குமாடி கட்டினோம். 2023இல் அமலாக்கத் துறை மணல் கணக்குக் கேட்டு, வேலூர் உள்ளிட்ட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் அனுப்பியது. உடனே மாநில உரிமை பொங்கிவிட்டது. அமலாக்கத் துறை யாருடைய ஏவலில் வந்தது என்று எனக்கும் தெரியும். அதற்காக அள்ளிய மணல் திரும்பி வந்துவிடாது. பாலாற்றுத் தண்ணீருக்காக டெல்லி வரை வழக்காடிய அதே அரசு, மணலைப் பற்றி எங்கள் ஆட்சியர்களைக் கேட்காதே என்றும் டெல்லி வரை வழக்காடியது. போய் ஆஜராகுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 பிப்ரவரி ஆயிற்று.

மிச்சமிருந்த ஊற்றைத் தோல் பதனிடும் தொழில் கவனித்துக்கொண்டது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே எழுதியது. அசுத்தம் செய்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தை இந்தியச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்த புகழ்பெற்ற தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆலைக்கு அபராதம் ரூபாய் 10,000. ஒரு நல்ல முகூர்த்தப் பட்டுப் புடவைக்குக்கூட அது காணாது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இன்னும் கொடுக்காத இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடு என்று மறுபடி உத்தரவிட்டது. 28 வருடம். கிணறு கெட்ட விவசாயி செத்து, அவர் மகன் ஷூ கம்பெனியில் வேலைக்குப் போய், அவனுக்கும் தலை நரைத்திருக்கும்.

பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்கு மெருகு என்று சொல்லிச் சொல்லியே வியாபாரம் செய்த ஊர் காஞ்சிபுரம். இப்போது பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்குக் குடிக்கவே கேன் தண்ணீர். மெருகுக்கு எங்கே போவது?

2019 ஜூலையில் அத்தி வரதர் நாற்பது ஆண்டுத் தவம் முடிந்து அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தார். 48 நாள் தரிசனம், விஐபி பாஸ், தள்ளுமுள்ளு. அதே ஜூலையில் சென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது, அமைச்சர்கள் வரவேற்றார்கள். ஜோலார்பேட்டை பாலாறு ஓடும் வட்டாரம். அங்கே ரயிலில் ஏற்றியதோ மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி. பாலாற்றுக்காரனுக்குக் காவிரியை ஊட்டி, அதையும் பிடுங்கி ரயிலேற்றிய நிர்வாகத் திறமைக்கு யாராவது தங்க மெடல் கொடுத்தார்களா, தெரியவில்லை.

தண்ணீரே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் பாலாறு அணைக்கட்டில் லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. நின்று செல்பி எடுத்துக்கொண்டு கடலுக்கு வழியனுப்பினோம். வயலூர், பழையசீவரம் என்று சில தடுப்பணைகள் கட்டினார்கள், உண்மை. ஆனால் ஏரிகள் மாவட்டம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரத்தில், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வெட்டி பரமேசுவர தடாகத்தை நிரப்பிய பல்லவன் மண்ணில், இன்று ஏரிக்கு என்ன மதிப்பு? கம்பன் கால்வாய் ஓடும் நிலத்தில் பரந்தூர் விமான நிலையம் வருகிறது. வேண்டாம் என்று ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போடுகிறது. அவை எந்தக் குப்பைத் தொட்டியில் கிடக்கின்றனவோ.

அதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூர். பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பிரதமர் முதல் வட்டச் செயலாளர் வரை மேடையில் பாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு பரவசம் இல்லை. நிலமும் வேதமும் உள்ளவனுக்கு மட்டும் ஓலை எழுதிய ஊர் அது. ஆனால் அங்கே ஏரியைப் பார்க்க என்றே ஏரி வாரியம் இருந்தது. அதில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமல்ல, அவன் மகன், தம்பி, மைத்துனன், மாமன் ஒருவரும் வர முடியாது. மேடையில் பாடும்போது இந்த வரி வந்ததும் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்கிறது. அடுத்த தேர்தலுக்கு அந்த ஒரு விதியை மட்டும் அமல்படுத்துங்கள், பாலாற்று மணல் கணக்கிலிருந்து தொடங்கி. குடத்துக்குள் போட எத்தனை ஓலை தேறுகிறது என்று பார்ப்போம்.