அணி மாறியவனுக்கும் ஒரு நியாயம்

தை பிறந்து அறுப்பு முடிந்துவிட்டால் திருக்காட்டுப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் கபடி களைகட்டிவிடும். இப்போதெல்லாம் மின்னொளி ஆட்டம்தான். பூதலூர் சாலையிலும் கடைத்தெருவிலும் ஃபிளெக்ஸ் பலகைகள் நிற்கும். வெளியூர் ரெய்டர் ஒருவர் நம்மூர் செட்டுக்கு ஆடுகிறார் என்றால் கூட்டம் இன்னும் கூடும். அடுத்த வாரமே அவர் எதிர்ச் செட்டுக்கு ஆடப் போனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. “நல்ல ஆட்டக்காரன், நாலு பேரு கூப்பிடத்தான் செய்வாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் சிறு வயதில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். தொடையைத் தட்டிக்கொண்டு அவர் நடுக்கோட்டைத் தாண்டினால் எதிரணியில் ஒருவராவது வெளியே உட்கார வேண்டியிருக்கும். குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓர் ஊர்க்காரர்கள் வந்து அவரை ஆடக் கூப்பிட்டார்கள். போகவர பஸ் காசு, ஆட்டத்தன்று சாப்பாடு, ஜெயித்தால் கையில் கொஞ்சம் பணம். எங்கள் செட்டில் அவருக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் கைதட்டல். அவர் போனார். மறுநாள் காலையிலிருந்து டீக்கடை பெஞ்சில் விசாரணை தொடங்கியது. “ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு அவனுங்களுக்கு ஆடுறான் பாரு.” அந்தச் சாப்பாடு எந்த ஊர் போட்டது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருடைய அம்மா நடவு வேலைக்குப் போய்த்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரே ஒரு பெரியவர் மட்டும், “முழங்கால் பிசகிக் கிடந்தப்ப எத்தனை பேருய்யா போய்ப் பாத்தீங்க?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பிற்பாடு விளையாட்டின் பேரில் அந்த அண்ணனுக்கு வேலை கிடைத்து ஊரை விட்டே போய்விட்டார்.

அந்தக் காலத்தில் அதே கடையில் வானொலியும் இருந்தது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனைக்காகக் கூட்டம் காத்திருக்கும். பந்து எங்கே விழுந்தது, மட்டை எப்படி வந்தது, ஃபீல்டர் எங்கே நின்றார் என்பதெல்லாம் கண்ணில் தெரியும். ஒருவனுடைய விசுவாசத்தை அளப்பது பெஞ்சின் வேலை. ஆட்டத்தைச் சொல்வது வானொலியின் வேலை. இரண்டும் வேறு வேறாக இருந்தன.

இன்று அது தலைகீழாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெஞ்ச் ஆட்டத்தைப் பேசக் கற்றுக்கொண்டது. விளையாட்டுப் பக்கமும் தொலைக்காட்சி விவாதமும் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டன.

ரவீந்திர ஜடேஜாவை எடுத்துக்கொள்வோம். 2008-இல் ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் ராயல்ஸ் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மும்பை அணியுடன் பேச முயன்றார் என்று சொல்லி 2010 பருவம் முழுவதும் அவரை ஆடவிடாமல் தடை செய்தது ஐ.பி.எல். நிர்வாகம். அப்போது அவருக்கு வயது 21. விதி விதிதான், அதை மீறினால் தண்டனை உண்டு. ஆனால் அந்த வயதுப் பையனுக்குப் பணத்தாசை, ஒழுக்கமில்லை என்று பட்டம் கட்டிய வேகத்தில், தன் உழைப்புக்குத் தானே விலை பேச அவனுக்கு ஏன் வழியில்லை என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

பிறகு 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை எடுத்தது. சென்னை அணி இடைநீக்கத்தில் இருந்த இரண்டு ஆண்டுகள் போக, 12 பருவங்கள் மஞ்சள் சட்டையில் ஆடினார். 2023 இறுதிப் போட்டியில், அகமதாபாத்தில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார். தோனி அவரைத் தூக்கிக்கொண்ட அந்தப் படம் எங்கள் ஊர்ச் சலூனில் இப்போதும் ஒட்டியிருக்கிறது. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். 18 கோடி ரூபாயாக இருந்த ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியானது.

இப்படிப்பட்ட மாற்றத்துக்கு வீரரின் சம்மதமும் வேண்டும் என்பது விதி. ஆனாலும் பேசி முடிப்பவை இரண்டு நிர்வாகங்கள். அதே ராஜஸ்தான், அதே வீரர். 2010-இல் அவர் தானாகக் கிளம்பப் பார்த்தபோது அது குற்றம். 2025-இல் நிர்வாகங்கள் மாற்றிக்கொண்டபோது அது எதிர்காலத் திட்டம், துணிச்சலான முடிவு, அணிக் கட்டமைப்பு. 12 பருவங்களின் விசுவாசத்துக்கு நிர்வாகம் என்ன கணக்குச் சொல்லப்போகிறது என்று கேட்டு வந்த தலையங்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஜடேஜா தடைபட்ட அதே 2010-இல், ஜூலை மாதம், அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஒப்பந்தம் முடிந்திருந்தது, எங்கு வேண்டுமானாலும் போக அவருக்கு முழு உரிமை இருந்தது. அந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற மகத்தான வீரர் 1970-இல் தொடுத்த வழக்கு 1976-இல் சமரசத்தில் முடிந்த பிறகுதான், ஒப்பந்தம் முடிந்த வீரன் அணியைத் தேர்ந்தெடுக்கும் வழி அங்கே திறந்தது. ஆனாலும் கிளீவ்லாந்தில் ஜேம்ஸின் சட்டைகளைக் கொளுத்தினார்கள். அணியின் முதலாளியே கோபத்தில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். முடிவைச் சொல்ல ஒரு மணிநேர நிகழ்ச்சி எதற்கு என்று விமர்சித்தது நியாயம். போனதே பாவம் என்று எழுதியதில் நியாயம் இல்லை. 2014-இல் அவர் திரும்பி வந்தார். 2016-இல் கிளீவ்லாந்துக்கு அதன் முதல் என்.பி.ஏ. பட்டத்தை வென்று கொடுத்தார். சட்டையைக் கொளுத்திய நகரமே ஊர்வலம் எடுத்தது.

அந்த 2016-இல் கெவின் டூரன்ட் ஒக்லஹோமா சிட்டியிலிருந்து கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். கோழை என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு பாஸ்டன் அணியின் ஐசேயா தாமஸ், தங்கை விபத்தில் இறந்த மறுநாளே கண்ணீரோடு களமிறங்கி ஆடினார். நான்கு மாதம் கழித்து அந்த அணி அவரை இன்னொரு வீரருக்கு மாற்றாகக் கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டது. அதற்குப் பெயர் வணிகம். வீரன் போனால் குணக்கேடு, நிர்வாகம் அனுப்பினால் வணிகம். கடல் கடந்தாலும் தராசு மட்டும் மாறவில்லை.

ரசிகனின் வலி பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரை நம்மவர் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவனுக்கு அவர் வேறு சட்டையில் நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். எழுதுகிறவன் கடமை வேறு. 2024 பருவத்துக்கு முன் ஹர்திக் பாண்டியா குஜராத்தை விட்டு மும்பைக்குத் திரும்பி, ரோகித் சர்மா இருந்த தலைமை இடத்தில் அமர்த்தப்பட்டார். அகமதாபாத்திலும் வான்கடேயிலும் கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டது. அந்தப் பருவத்தில் ஹைதராபாத் 277 ரன் குவித்த ஆட்டத்தில், முதல் பத்து ஓவரில் பும்ராவுக்கு ஒரே ஒரு ஓவர்தான் கொடுத்தார். அதைக் கேள்வி கேட்பதுதான் விமர்சனம். அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். 14 ஆட்டங்களில் நான்கே வெற்றியோடு மும்பை கடைசி இடத்தில் நின்றதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர் பேராசைக்காரர், முதுகில் குத்தியவர் என்பதெல்லாம் எந்த ஸ்கோர்கார்டில் இருந்தன? தலைவரை மாற்றிய நிர்வாகத்தின் மீது வரவேண்டிய கேள்விகளும் அவர் தலையிலேயே விழுந்தன.

அதே ஆண்டு ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரை ஹர்திக் வீசினார். தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் வென்றது. அழுதுகொண்டு நின்றார். சில நாளில் அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. தொலைக்காட்சியில் மூன்று மாதத்துக்கு முன் வசைபாடியவர்கள், ஒரு வருத்தமும் இல்லாமல் வாழ்த்துப் பாடினார்கள்.

எங்கள் ஊரில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து போகிறது. போகிற வழியில் அது பாய்ச்சும் வயலைப் பார்த்துத்தான் அதன் அருமையைச் சொல்வோம். ஆட்டக்காரனையும் அவன் போன இடத்தில் என்ன ஆடினான் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பெரிய சம்பளக்காரர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தமிழ்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் சையத் முஷ்டாக் அலி கோப்பையை வென்ற விஜய் சங்கர், 2025-இல் திரிபுராவுக்கு ஆடப் போனார். அணியில் இடம் உறுதியில்லாத ஒருவர் ஆட இடம் தேடிப் போனதில் குற்றம் என்ன இருக்கிறது? நம் நாட்டுக் கூடைப்பந்தில் ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று பலம் வாய்ந்த அணிகளில் பல, வேலை தரும் நிறுவனங்களுடையவை. அங்கே அணி மாறுவது என்றால் சம்பளமும் குடும்பம் இருக்கும் ஊரும் மாறுவது. அந்த முடிவை எடுப்பவர் எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பார் என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பெண்பிள்ளைக்குக் கூடைப்பந்தில் பெரிதாக வரவேண்டும் என்று ஆசை வந்தால், முதல் வேலையாக ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். விளையாட்டு விடுதி, வெளியூர்ப் பள்ளி, பிறகு வேலை தரும் அணி. கிளம்பாமல் இங்கே யாரும் ஆட்டக்காரராக ஆனதில்லை. அவள் முதல்முறை கிளம்பும்போது ஆசீர்வதித்து அனுப்பும் நமக்கு, பத்து வருஷம் கழித்து இன்னொரு முறை கிளம்பினால் மட்டும் வசை பாட என்ன உரிமை? ஒருவர் அணி மாறினால் மூன்றைக் கேளுங்கள்: யார் முடிவெடுத்தது, யாருக்கு லாபம், போன இடத்தில் ஆட்டம் எப்படி இருக்கிறது. மூன்றுக்கும் பதில் தேடி எழுதினால் அது விளையாட்டுப் பத்திரிகை. அதைவிட்டு அவர் குணத்தைத் தூற்றத்தான் தெரியுமென்றால், அந்தப் பக்கத்தை வாங்கிப் படிக்க எங்களுக்கு அவசியம் இல்லை.