சாப்பாட்டு மேசையில் வாட்டர்லூ: நிலம், பொழுது, சாம்பார் குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

எந்தப் போரில் எந்தப் படை எந்த மேட்டைப் பிடித்தது, எந்தக் குதிரை எந்தச் சேற்றில் சறுக்கியது என்பதையெல்லாம் அறிஞர்கள் அங்குலம் அங்குலமாக எழுதிவைத்துவிட்டார்கள். அந்த மேட்டைப் பலகைமேல் மறுபடி கட்டி, ஒரு விரற்கணு உயரச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைதோறும் வரலாற்றைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பலகையை வீட்டில் எங்கே போடுவது என்று அவர்கள் படும் பாட்டைத்தான் தமிழில் யாரும் முறையாக ஆராயவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

இதன் துணிபு ஒன்றே: மினியேச்சர் போரின் போக்கைப் படைத்தலைவர்கள் தீர்மானிப்பதில்லை, சாப்பாட்டு வேளை தீர்மானிக்கிறது.

கள ஆய்வு இலண்டனின் ஹாரோ பகுதியில், நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்தது. மாதிரி எண்ணிக்கை: ஒரு குடும்பம். பிழை விளிம்பு: இரண்டு தோசை.

முன்னோர் மொழிந்தவை

யானை, குதிரை, தேர், காலாள் என நான்கு படைகளையும் அறுபத்து நான்கு கட்டத்தில் அடக்கிய சதுரங்கத்துக்கு இடப் பிரச்சினையே கிடையாது. மடியில் வைத்துக்கூட ஆடலாம். 1780இல் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர், சதுரங்கத்தை உண்மைப் போருக்கு நெருக்கமாக்குகிறேன் என்று கிளம்பினார். அவர் பலகையில் கட்டங்கள் 1,617. அன்று மடியை விட்டு இறங்கிய போர் இன்னும் மடிக்குத் திரும்பவில்லை.

அடுத்தவர் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ். மணல் மேசையில் போர் நடத்திக் காட்டிவந்தவர். அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் அதைப் பார்க்க விரும்பியதும், அரசர் முன்னால் மணலைக் கொட்டுவது மரியாதையில்லை என்று எண்ணி, புதிதாக ஒரு மேசையே செய்வித்து 1812இல் ஒப்படைத்தார். ஆறு, சாலை, குன்று எல்லாம் தனித்தனிச் சில்லுகள். மாற்றி மாற்றி அடுக்கலாம். உரையாசிரியர் பலர் கவனிக்காமல் விட்ட செய்தி, அந்த மேசைக்கு இழுப்பறைகள் இருந்தன என்பது. ஆடி முடித்ததும் நிலத்தையே எடுத்து உள்ளே வைத்துவிடலாம். அரண்மனையில் இடத்துக்கா பஞ்சம்? பிறகு இழுப்பறை எதற்கு? அரசர் வீட்டிலும் “முதல்ல இதை எடுத்து வைங்க” என்று சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம்.

ரைஸ்விட்ஸின் மகன் 1824இல் மேசையை விட்டுவிட்டு 1:8000 அளவிலான வரைபடத்துக்கு மாறினார். பகடை, விதிநூல், நடுவர் மூன்றையும் ஒழுங்குபடுத்தியவர் அவரே. நடுவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் வருவார்.

பிரிட்டிஷாரிடம் நெறி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தரைப் பள்ளி. 1881–82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், மனைவியின் மகனான சிறுவனோடு மச்சில் ஏறி, தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் மலை, ஆறு, சதுப்பு எல்லாம் வரைந்து, ஈயச் சிப்பாய்களை நடத்தினார். கூரை தாழ்ந்த அந்த மச்சுக்கு ஏணியில்தான் ஏறவேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஓர் எழுத்தாளன் எவ்வளவு தூரம் விரட்டப்படலாம் என்பதற்கு இதுவே எல்லை.

எச். ஜி. வெல்ஸும் தரைக்காரரே. பகல் உணவுக்குப் பின் நண்பர் ஒருவர் பொம்மைப் பீரங்கியால் சிப்பாய்களைக் குறிபார்த்ததில்தான் தம் விளையாட்டு பிறந்ததாக, 1913இல் வந்த ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் அவர் சொல்கிறார். சாப்பாட்டுக்குப் பின் என்ற குறிப்பு நம் துணிபுக்கு முதற்சான்று. பெண் விருந்தினர்கள் சலசலவென்று உள்ளே வந்ததில் தொடக்க முயற்சிகள் தடைப்பட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். விளையாட்டு பன்னிரண்டு வயதுமுதல் நூற்றைம்பது வயதுவரையுள்ள சிறுவர்களுக்கு என்று தலைப்பிலேயே அறிவித்த அவர், நூற்றைம்பது வயதில் தரையிலிருந்து எழுவது எப்படி என்பதை விளக்கவில்லை. மூட்டுவலி தரைப் பள்ளியை முடித்துவைத்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ 1962இல் வந்து இந்த விளையாட்டை வீடுதோறும் பரப்பியபோது, மேசைப் பள்ளி வென்றிருந்தது. ஃபெதர்ஸ்டோன் தொழிலால் பிசியோதெரபிஸ்ட் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியர் வகுத்தது இங்கும் பொருந்துகிறது.

நிலம் ஆறடிக்கு நான்கடி. இந்த அளவு வானத்திலிருந்து விழவில்லை. இடுப்பை விளிம்பில் சாய்த்துக் கை நீட்டினால் சராசரி ஆளுக்கு இரண்டரை அடி எட்டும். இரு பக்கமும் ஆள் நின்றால் ஐந்தடி. அதற்கு மேல் அகலமானால் நடுவில் நிற்கும் படைக்கு எந்த அரசாங்கமும் உதவ முடியாது. கடையில் பிளைவுட் எட்டுக்கு நான்காக வருகிறது. இரண்டடியை அறுத்துவிட்டால் களம் தயார். அறுத்த துண்டு படிக்கட்டுக்கு அடியில் போய்ச் சேரும். எதற்காவது உதவும் என்று எல்லார் வீட்டிலும் அது அங்கேயே இருக்கிறது.

இந்த நிலம் எவ்வளவு பெரியது? 28 மில்லிமீட்டர் சிப்பாயை ஏறக்குறைய 1:56 அளவு என்று கொள்வது வழக்கம். அப்படியானால் ஆறடி 102 மீட்டர், நான்கடி 68 மீட்டர். ஒரு கால்பந்து மைதானம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவின் போர்முகம் நான்கு கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அதே அளவில் விரிக்க 71 மீட்டர் நீள மேசை வேண்டும். அதை வாங்கலாம், போட்டால் ஒரு முனை அடுத்த தெருவில் இருக்கும். எனவே சிப்பாய் ஓர் அளவிலும் நிலம் வேறோர் அளவிலும் இருக்கும். ஒரு வீட்டை வைத்தால் அது ஒரு கிராமம்; மூன்று மரம் என்றால் காடு. ஆகுபெயர் இல்லாமல் போர் இல்லை.

இதை மறந்தால் வரும் விபரீதம் வார்ஹாமர் 40,000 விளையாட்டில் தெரியும். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலத்தின் பயங்கரத் துப்பாக்கியான போல்ட்கன்னின் வீச்சு 24 அங்குலம். அளவைப் பெருக்கிப் பார்த்தால் 34 மீட்டர். இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம்கூட இல்லை. பவுண்டரியில் நிற்கும் பையன் பந்தை அதைவிடத் தூரம் எறிவான்.

அளவெடுப்பதில் விட்டுக்கொடுக்காதவர் ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி வில்லியம் சிபோர்ன், வாட்டர்லூ களத்திலேயே எட்டு மாதம் தங்கி அளந்து, ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற கணக்கில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளோடு 1838இல் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். கடனிலும் விழுந்தார். அது இன்று இலண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டில் வைக்க முடியாதது எங்கே போகும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

பொழுது இருவகை. பெரும்பொழுது கூதிர், வெளியே போக வழியில்லாத ஆங்கில மழைக்காலம். சிறுபொழுது, பகல் சாப்பாட்டுத் தட்டு எடுத்ததற்கும் இரவுச் சாப்பாட்டுத் தட்டு வைப்பதற்கும் இடைப்பட்டது. ஹாரோ கள ஆய்வில் இது இரண்டிலிருந்து ஏழு மணிவரை. பலகை விரிக்க ஒரு மணி நேரம், விதியைப் பற்றிச் சண்டை ஒரு மணி நேரம், தேநீர் அரை மணி, அடுக்கி வைக்க அரை மணி. போருக்கு மிஞ்சுவது இரண்டு மணி. உண்மையான வாட்டர்லூ முற்பகல் பதினொன்றரை வாக்கில் தொடங்கி இருட்டும்வரை நடந்தது. முந்தின இரவு மழையில் நனைந்த நிலம் காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்தார். நண்பரும் காத்திருந்தார், துடைத்த மேசையின் ஈரம் காயட்டும் என்று. நெப்போலியனை யாரும் ஏழு மணிக்கு எழுப்பிவிடவில்லை என்பதே இருவருக்கும் வேறுபாடு.

கருப்பொருள்: மலை, மரம், தெர்மாகோல்

மலை எளிது. புத்தகங்களை அடுக்கி, மேலே பச்சை ஃபெல்ட் துணியைப் போர்த்தினால் குன்று. தடித்த புத்தகம் உயர்ந்த குன்று. வாங்கிப் படிக்காமல் விட்ட நூல்களுக்கு இதைவிட நற்கதி இல்லை. ஆனால் சரிவில் சிப்பாய் நிற்கமாட்டான், வழுக்குவான். அதனால்தான் வார்கேம் மலைகள் படிப்படியாகக் கேக் போல இருக்கின்றன. இதைப் பூகோளம் ஒப்பாது, பொம்மையின் அடித்தட்டு ஒப்பும்.

அடுத்த நிலை தெர்மாகோல். வெட்டி, வெள்ளைப் பசை தடவி, பச்சைச் சாயமேற்றிய மரத்தூளைத் தூவினால் புல்வெளி. இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பிரே பெயிண்டை நேரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். நண்பரின் முதல் மலை கால் மணி நேரத்தில் பள்ளத்தாக்கானது. அதற்கு ஒரு பெயர் வைத்து, களத்தில் சேர்த்துக்கொண்டார்.

மணல் வேண்டாமா எனின், வேண்டாம். விளையாட்டு வடிவமைப்பாளர் கேரி கைகாக்ஸ் அமெரிக்காவின் லேக் ஜெனிவாவில் தம் வீட்டு நிலவறையில் மணல் மேசை வைத்திருந்தார். அவர் வீட்டில் நிலவறை இருந்தது. ஆறுக்கு நான்கடிப் பரப்பில் மூன்று அங்குலம் மணல் கொட்டினால் சுமார் 270 கிலோ. நான்கு பெரியவர்கள் மேசைமேல் ஏறி உட்கார்ந்த பாரம்.

பாரம் என்றதும் நெம்புகோல். நண்பரின் சாப்பாட்டு மேசை ஐந்தடிக்கு மூன்றடி. மேலே போட்ட பலகை எல்லாப் பக்கமும் அரை அடி துருத்தும். பலகை பதினாறு கிலோ. நீள விளிம்பில் 48 கிலோவுக்கு மேல் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். நண்பர் 84 கிலோ. இந்தக் கணக்கை அவர் ஏட்டில் போடவில்லை. பிரெஞ்சுக் குதிரைப்படை முழுவதும் எதிரியின் மடியில் போய் விழுந்தபோது தெரிந்துகொண்டார். பலகையின் அடியில் ரீப்பர் அடித்து மேசையைக் கவ்வச் செய்தது அதற்குப் பிறகு. ரீப்பருக்கும் மேசைக்கும் நடுவே ஃபெல்ட் ஒட்டியது அதற்கும் பிறகு, மேசையில் கீறல் விழுந்த அன்று. அன்றைய உரையாடல் இங்கே தரப்படவில்லை.

உரிப்பொருள்: உழிஞையும் நொச்சியும்

களமும் காலமும் பேசிவைத்து இருவர் மோதுவது தும்பை என்பதால், வார்கேமைத் தும்பைத்திணை என்றே மேலோட்டமாகப் படிப்போர் கொள்வர். அது பொருந்தாது. பலகைமேல் நடப்பது தும்பை. பலகைக்காக நடப்பதோ முற்றுகை. உழிஞை சூடிய வீட்டார் மேசையை வளைக்க, நொச்சி சூடியவர் உள்ளிருந்து காக்கிறார். முற்றுகையின் படிநிலைகள் ஹாரோவில் இவ்வாறு பதிவாயின. ஆறு மணிக்குத் தண்ணீர்ச் சொம்பு ஒன்று பெல்ஜியத்தின் மூலையில் வைக்கப்படும். ஆறரைக்குக் குக்கர் விசில். ஆறே முக்காலுக்கு நேரடி அறிவிப்பு:

“என்னங்க, நெப்போலியனை எப்ப எடுப்பீங்க? மாவு பொங்கி வழியுது.”

“அஞ்சே நிமிஷம்மா. பிரஷ்யாக்காரன் வந்துட்டிருக்கான்.”

“அவருக்கும் சேர்த்து ஊத்தவா?”

பெரிய நிறுவனங்களும் இந்த முற்றுகைக்குப் பணிந்திருக்கின்றன. நெடுங்காலம் ஆறுக்கு நான்கடி என்றிருந்த வார்ஹாமர் 40,000, 2020இன் பதிப்பில், வழக்கமான ஆட்டத்துக்கு 60க்கு 44 அங்குலம் போதும் என்று குறைத்தது. நண்பரின் சாப்பாட்டு மேசை நீளமும் 60 அங்குலம் என்பதை ஆய்வுலகம் குறித்துக்கொள்க.

தடையும் விடையும்

தனி அறை ஒதுக்கலாமே எனின், அந்த அறைக்கு முதலில் இஸ்திரி மேசையும், பிறகு ஊரிலிருந்து மாமியாரும் வருவர். தரைக்கே திரும்பலாமே எனின், 1942இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கடற்படை நீர்மூழ்கிகளை எதிர்க்கும் உத்திகளைத் தரையில்தான் ஆடிப் பயின்றது. லினோலியத்தில் சுண்ணக்கட்டிக் கோடுகள். ஆட்டத்தை நடத்தியோரில் பலர் இளம் பெண்கள். ஆனால் அங்கே யாரும் தரையைக் கூட்டவேண்டும் என்று துடைப்பத்தோடு வந்து நிற்கவில்லை.

முடிபு

கள ஆய்வின் கடைசி ஞாயிறு. நண்பர் பிரெஞ்சுப் பக்கம், உடன் வேலை செய்யும் ஆங்கிலேயர் எதிர்ப்பக்கம். ஏழு மணியாயிற்று, பிரஷ்யப் படை அப்போதுதான் பலகையின் ஓரத்தில் கால் வைத்திருந்தது. நண்பரின் மனைவி தோசைக்கல்லை அணைத்துவிட்டு வந்து, களத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பலகையை எடுங்கள் என்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் கூடத்தில் பாயை விரித்தார்.

“எங்க பாட்டி வீட்ல மேசையே கிடையாது. உக்காருங்க.”

எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். ஆங்கிலேயர் கால்களை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு முறை மடக்கிப் பார்த்தார். மேசையா தரையா என்று நூறாண்டாக ஓயாத வழக்கு அங்கே தீர்ந்தது. மேசை போருக்கு, தரை சோற்றுக்கு. இரண்டு பள்ளியும் சரிதான். யார் எதில் உட்காருவது என்பதைத்தான் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

எக்கி எழுந்து கடைசிப் பகடையை உருட்டிய ஆங்கிலேயரின் கை கொஞ்சம் வேகமாகிவிட்டது. பகடை பலகையைத் தாண்டி, நண்பரின் மகன் தட்டில், சாம்பாருக்குள் விழுந்தது. பையன் கரண்டியால் மெதுவாக வெளியே எடுத்தான். ஆறு. பிரெஞ்சு மெய்க்காவற்படை அத்தோடு சரி.

“பலகையை விட்டு விழுந்தா செல்லாது. விதி இருக்கு” என்றார் நண்பர்.

1876இல் பிரஷ்யத் தளபதி வெர்டி டு வெர்னுவா, விதிநூலையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் வாக்கையே முடிவாகக் கொள்ள வேண்டும் என்று எழுதினார். அந்த அனுபவம் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

“தரையில விழுந்தாத்தான் செல்லாது. தட்டுல விழுந்தா செல்லும்” என்றார் நண்பரின் மனைவி, ஆங்கிலேயருக்கு இன்னொரு தோசை வைத்தபடி.

நெப்போலியன் மறுபடியும் தோற்றார்.