கமண்டல நாகநதிப் பாலைவனச் சுற்றுலா: ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஆரணிப் பட்டு நெசவாளி ஒருவன்.
பெறுநர்: உயர்திரு மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், சென்னை.
பொருள்: எங்கள் ஆற்றைப் பாலைவனச் சுற்றுலாத் தலமாக அறிவிக்கக் கோருதல் சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

போன மாதம் பழைய பாவு அறுத்துப் புதுப் பாவு பிணைக்கும் வரை நாலு நாள் தறி சும்மா கிடந்தது. மச்சான் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறான். "மாமா, கட்ச் போய் வெள்ளைப் பாலைவனம் பார்த்துட்டு வரலாம்" என்றான். கணக்குப் போட்டோம். போக மட்டுமே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நாலு நாளில் போய்த் திரும்பினால் பாலைவனத்தைப் பார்க்க முக்கால் மணி நேரம் மிஞ்சும். திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்காவது போகலாமென்றால், டீசல் செலவைக் கேட்டதும் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் டீயோடு நின்றபோது மச்சான் கீழே எட்டிப் பார்த்தான். "அப்போ இது என்ன மாமா?" என்றான். மணல், மணலுக்கு நடுவே சீமைக் கருவேலம், அதற்கப்பாலும் மணல். ஆறு அணி செய்வதால் ஆரணி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அணி இருக்கிறது ஐயா, ஆற்றைத்தான் காணோம்.

முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். மருதத்தை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தக் குறையை எங்கள் தலைமுறை தீர்த்துவைத்திருக்கிறது. நெல்லுக்கும் அரிசி ஆலைக்கும் பேர்போன ஊரிலேயே ஒரு பாலை! ராஜஸ்தானால் முடியுமா?

பயணத் திட்டத்தையும் நாங்களே வகுத்துவிட்டோம்.

முதல் நாள்: ரயிலில் வருவோர் 'ஆரணி ரோடு' நிலையத்தில் இறங்கலாம். இறங்கிய இடம் களம்பூர் என்று பிறகுதான் தெரியும். கானல் நீர் அனுபவம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஊர் வழியாகவே வருவதாகச் சொல்லப்படும் திண்டிவனம் – நகரி ரயில் பாதை 2006–07 பட்ஜெட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதையும் காட்சிப் பட்டியலில் சேர்க்கலாம்.

இரண்டாம் நாள்: ஜவ்வாது மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை. கட்டி முடித்தபின் மதகுக் கதவு சரியாக இயங்காமல் பல ஆண்டு வாசலைத் திறந்தே வைத்து விருந்தோம்பிய அணை இது. அருகிலேயே படவேடு. ரேணுகாதேவி தினமும் ஆற்றங்கரையில் ஈரமணலைக் குடமாகப் பிடித்து நீர் மொண்ட கதை நடந்த ஊர். தண்ணீரில் கந்தர்வன் நிழலைப் பார்த்ததால்தான் அவளுக்குக் கேடு வந்தது. இன்று அந்தக் கந்தர்வன் ஆரணிப் பாலத்துக்கு மேலே பறந்தால் நிழல் விழத் தண்ணீர் ஏது? எங்கள் காலத்தில் பிறந்திருந்தால் அம்மன் தலை தப்பியிருக்கும்.

மூன்றாம் நாள்: ஊருக்குள் பட்டு வேலை. நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுத்து, சாயம் தோய்த்து அலசத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆற்றோரம் இருந்துகொண்டே ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பட்டு அலசும் அதிசயத்தைப் பயணிகள் நேரில் காணலாம்.

நான்காம் நாள்: மணலோடு மணலாகச் செய்யாற்றில் இறங்கி, பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல். அங்கே 15 படுக்கையோடு ஒரு மருத்துவமனை நடந்ததாக வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. வெயிலில் மயங்கி விழுவோருக்காக அதைத் திறந்துவிட்டால் உத்தமம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் ஆற்றில் வெள்ளம் வந்து சுற்றுலாவுக்கு இடையூறு செய்யும். அது தானாகவே வடிந்துவிடும், தேக்கி வைக்கும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இல்லை. இரண்டாவதுதான் அவசரம். ராத்திரியில் லாரிகள் பாலைவனத்தையே அள்ளிப் போகின்றன. மணல் தீர்ந்தால் பாலைவனம் என்ற பேரும் போய்ப் பள்ளம்தான் மிஞ்சும். பள்ளத்தைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இந்த மனுவின் நகலை ஆற்றுக்குப் பொறுப்பான இலாகாவுக்கு அனுப்பவில்லை. மனம் மாறி ஏதாவது செய்துவிட்டால் திட்டம் கெட்டுவிடும்.

ஒரு சொந்த விஷயம். என் சேலை முந்தானையில் அன்னம் ஓடுகிறது. புதுத் தலத்துக்குப் பொருத்தமாக ஒட்டகம் போடலாம்தான். ஆனால் ஜக்கார்டு அட்டை மறுபடி வெட்டக் காசு ஆகும். ஆகவே தங்கள் முடிவைச் சீக்கிரம் தெரிவியுங்கள். அதுவரை அன்னமே ஓட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தறிக்குழியில் கால் வைத்தபடி,
ஆரணி நெசவாளி.

இணைப்பு: ஆற்று மணல், ஒரு பிடி. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.